வெறும் களிம்பில் ஒரு கரண்டி கூடுதல்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என் உரையைவிட நீளமான தலைமையுரையை ஆற்றி முடித்து, இப்போது மின்விசிறிக்கு நேர்கீழே நிம்மதியாக அமர்ந்திருக்கும் சந்தைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை ஆண் மருத்துவர் என்று அறிவித்து, நான் மேடையேறிய பிறகும் அதைத் திருத்திக்கொள்ளாத உறுதிமிக்க செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, மீன் வெட்டும் அன்னையரே, இறைச்சி வெட்டும் அண்ணன்மாரே, விடியுமுன் மூட்டை சுமந்து, வெயில் ஏறுமுன் வியாபாரம் முடித்து, வீடு போய்ச் சேர்வதற்குள் வேறொரு வேலையையும் பார்த்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கையில் மருவையும் மனத்தில் நம்பிக்கையையும் வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வில் கலந்துகொண்ட அன்பர்களே, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடும் வசதியோடு அமர்ந்திருக்கும் என் மாமியார் அவர்களே, உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகு தட்டலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்று நான் பேச வந்த பொருள் மரு. இரண்டே எழுத்து. ஆனால் இந்தச் சந்தையில் அது செய்திருக்கும் வேலை கொஞ்சமா? ஈரத்தில் ஊறிய கை. ஊறிய தோலில் ஒரு சின்னக் கீறல். அந்தக் கீறல் வழியே ஒரு வைரஸ் உள்ளே நுழைகிறது. யாரிடமும் கேட்காமல் குடியேறுகிறது, குடும்பம் பெருக்குகிறது, பக்கத்து விரலுக்கும் பரவுகிறது. மீன் வெட்டுகிறவருக்கு வருகிறது, இறைச்சி வெட்டுகிறவருக்கு வருகிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களிடம் சந்தா வாங்குகிறவருக்கு மட்டும் ஏனோ வருவதில்லை. தலைவர் அவர்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மருவால் உயிர் போகாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. ஆனால் மருவால் வாடிக்கை போகும். மானம் போகும். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, கத்தியக்கா, அவரைக் கேளுங்கள். அவருடைய உண்மைப் பெயர் அவருக்கே மறந்துவிட்டது என்று சந்தையில் சொல்வார்கள். அவர் கையில் இருக்கும் கத்தியால் அந்தப் பெயர் வந்ததா, வாயில் இருக்கும் கத்தியால் வந்ததா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. என் மாமியாருடைய கூடப்பிறந்த தங்கை. என் கணவருக்குச் சித்தி.

கத்தியக்காவின் வலது கையில் விரல் விரலாக மரு. ஆஸ்பத்திரியில் உறைய வைத்து எடுத்தார்கள். எடுத்தது நான்தான். வலித்தது, ஆறியது, திரும்பவும் வந்தது. கையுறை போட்டுப் பார்த்தார். கையுறை போட்ட கையில் மீன் நழுவும், கத்தி நழுவும், அப்புறம் விரலே நழுவிவிடும். ஒருநாள் உணவகத்துச் சமையல்காரர் ஒருவர், வழக்கமாகக் கூடை கூடையாக வாங்குகிறவர், மீனை எல்லாம் எடை போட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "அக்கா, மீன் உங்ககிட்டயே வாங்கிக்கிறேன். வெட்டுறது மட்டும் பக்கத்துக் கடைல வெட்டிக்கிறேனே."

அன்றைக்குக் கத்தியக்கா பதில் ஏதும் சொல்லவில்லையாம். கத்தியக்கா பதில் சொல்லாமல் இருந்தார் என்றால், அந்த வார்த்தை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி மருந்துக்கு வருகிறேன். நாம் வேலிப்பச்சை என்று சொல்லும் செடி உங்களுக்குத் தெரியும். யாரும் நடுவதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, யார் பிடுங்கினாலும் மறுபடி முளைத்துவிடும். குணத்தில் என் மாமியாரைப் போல. அத்தை, இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன். அந்த இலையை அரைத்து, எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகில் இறக்கி ஒரு களிம்பு செய்கிறார் என் மாமியார். எங்கள் வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. வீடு முழுவதும் அந்த வாசனை. என் வெள்ளை அங்கியில் அந்த வாசனை. என்னிடம் வரும் நோயாளிகள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "டாக்டர், நீங்களே அங்கதான் வாங்குறீங்களா?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் களிம்பு மருவைப் போக்குமா?

போக்கும் என்று சொல்பவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? பார்க்கிறேன். போதும், கையை இறக்குங்கள். கண்டவர் சொல்கிறார், கேட்டவர் சொல்கிறார், பூசியவர் சொல்கிறார், பூசாமல் அலமாரியில் வைத்திருந்தவரும் சொல்கிறார். தலைவர் அவர்கள் ஒரு படி மேலே போய், களிம்பைச் சங்கமே விற்கலாம் என்று, 'நூற்றுக்கு நூறு குணம். அறிவியல் நிரூபித்தது' என்று அட்டைப்பெட்டிகளே அச்சடித்துவிட்டார். எப்போது? ஆய்வு முடிந்த பிறகா? தொடங்கிய பிறகா? தொடங்குவதற்கு முன்பு. தொலைநோக்கு என்றால் இதுதான்.

அன்பர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். மருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பலருக்கு அது தானாகவே போய்விடும். உடம்பு ஒருநாள் விழித்துக்கொள்ளும். 'யார் நீ?' என்று வைரஸைப் பார்த்துக் கேட்கும். அவ்வளவுதான், மரு உதிர்ந்துவிடும். அதற்கு முந்தைய வாரம் நீங்கள் களிம்பு பூசியிருந்தால் களிம்புக்குப் பெயர். சுண்ணாம்பு பூசியிருந்தால் சுண்ணாம்புக்குப் பெயர். திட்டிக்கொண்டே இருந்திருந்தால் திட்டுக்குப் பெயர். அப்படியானால் இலை செய்தது எவ்வளவு, உடம்பு தானே செய்தது எவ்வளவு? எப்படிப் பிரிப்பது? எதை வைத்து அளப்பது?

இதை ஒரு மருத்துவ மாநாட்டில் விளக்க எனக்கு அரைநாள் ஆனது. உங்களுக்கு ஒரு வரி போதும். தராசில் மீனைப் போடுவதற்கு முன் வெறும் தட்டை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறீர்கள் அல்லவா? ஏன்? தட்டின் கனத்தை மீனின் கனமாகக் காட்டக் கூடாது என்பதற்காக. தட்டின் கனத்தையும் சேர்த்துக் காட்டுகிறவர்களும் உண்டு என்கிறீர்களா? பெயர் சொல்ல வேண்டாம், அவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆய்விலும் ஒரு வெறும் தட்டு வேண்டும். அதுதான் வெறும் களிம்பு. அதே நிறம், அதே வாசனை, அதே டப்பா. உள்ளே மட்டும் வேலிப்பச்சை இல்லை. அதற்குப் பதிலாக ஒன்றும் செய்யாத ஏதோ ஒரு கீரையின் சாயம். பாதிப் பேருக்கு இலைக் களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்பது பூசுகிறவருக்கும் தெரியாது, பார்த்துக் குறித்துக்கொள்ளும் எனக்கும் தெரியாது. எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒரு மருந்தாளுநருக்கு மட்டும் தெரியும். வீட்டிலேயே வாய் திறக்காதவர் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

வெறும் களிம்பைச் செய்தது யார்? இலைக் களிம்பைச் செய்தவரேதான். வேறு யாருக்கு அந்தப் பதம் வரும்?

ஆய்வு நடந்தது. அழகாக நடந்தது. முடிவை எடுத்துக்கொண்டு புள்ளியியல் பேராசிரியரிடம் போனேன். சிரிப்பதற்குக்கூட ஆதாரம் கேட்கும் மனிதர். கணக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டாக்டர், உங்க மருந்து நல்லா வேலை செய்யுது," என்றார்.

"சந்தோஷம் சார்," என்றேன்.

"வெறும் களிம்பு அதைவிட நல்லா வேலை செய்யுது."

நான் கணக்குத் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"நீங்க அந்த வெறும் களிம்பையே விக்கலாம்," என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். பின்கட்டில் அத்தை கிளறிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் நடந்த உரையாடலை அறிவியல் உலகின் நன்மைக்காக அப்படியே சொல்கிறேன்.

"அத்தை, வெறும் களிம்புல என்ன போட்டீங்க?"

"என்ன போடுவேன்? மெழுகு, எண்ணெய், நீ சொன்ன கீரை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கிளறினார். "கொஞ்சம் இலை."

"இலையா? அத்தை, அதுல இலை இருக்கவே கூடாது. அதுக்குத்தான் அது வெறும் களிம்பு."

"வெறும் மெழுகை எப்படிம்மா கையில கொடுக்கிறது? நம்பி வாங்கிட்டுப் போறாங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

"எவ்வளவு போட்டீங்க?"

"மருந்துக் களிம்புல போட்டதைவிட ஒரு கரண்டி கூட."

"கூடவா? எதுக்கு?"

"அவங்களுக்கு மருந்தே கிடையாதுன்னு நீ சொன்னியா, கேட்கவே பாவமா இருந்துச்சு. அதான் ஒரு கரண்டி சேத்தே போட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை. ஏமாற்றுவதற்காக ஆய்வைக் கெடுத்தவர்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். லாபத்துக்காகக் கெடுத்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இரக்கத்தால் ஓர் ஆய்வு கவிழ்ந்தது என்று எந்த நூலிலும் படித்ததில்லை. வெறும் தட்டில் ஒரு மீனைப் போட்டுவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அத்தனை பேர் வந்தார்கள், அத்தனை பேர் பூசினார்கள், அத்தனை பேர் கையை நீட்டிக் காட்டினார்கள். எல்லாம் வீண்.

ஒரு கரண்டி கூடியதும் குணம் கூடியதே, அதுவே சான்றுதானே என்று தலைவர் அவர்கள் அப்போது என்னைக் கேட்டார். இல்லை ஐயா. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பெட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை அத்தையை நம்பாமல் கல்லூரியிலேயே வெறும் களிம்பு செய்தார்கள். அது சுவருக்கு அடிக்கும் வர்ணத்தின் நிறத்தில், செருப்புக்குப் போடும் பாலிஷ் வாசனையில் வந்தது. முயற்சிக்காக ஒரு டப்பாவைச் சந்தைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். இறைச்சிக் கடை அண்ணன் ஒருவர் மூடியைத் திறந்தார், மூடினார். "இது உங்க அத்தை செஞ்சது இல்ல," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, கெடுத்தவரிடமேதான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அவர் மட்டும்தான் அதைச் செய்ய முடியும்.

அத்தை ஒரு நிபந்தனை போட்டார். "ஆராய்ச்சி முடிஞ்சதும் வெறும் களிம்பு வாங்கினவங்க எல்லாருக்கும் நெஜ மருந்து கொடுக்கணும்."

"அது முதல்லருந்தே இருக்கு அத்தை. போன தடவையே சொன்னேன்."

"அப்ப எனக்குக் காதுல விழல," என்றார். எங்கள் வீட்டில் இது வழக்கம்தான்.

அவர் இலையை நெருங்காமல் பார்த்துக்கொள்ள என் கணவர் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். பெற்ற தாயைக் காவல் காப்பது ஒரு மகனுக்கு லேசான காரியமா? தாய் கிளறினார், மகன் பார்த்தார். தாய் முறைத்தார், மகன் கூரையைப் பார்த்தார். கரண்டி மட்டும் ஒழுங்காக இருந்தது. களிம்பு வந்தது. நிறத்தில் வித்தியாசம் இல்லை, பதத்தில் இல்லை, வாசனையிலும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் மோந்து பார்த்து ஒப்புக்கொண்டோம். அந்த இரண்டையும் மோந்தே பிரித்துச் சொல்லக்கூடிய மூக்கு இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாருடைய மூக்கு என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் மூக்கை என்ன செய்ய முடியும்?

இனிமேல் நான் சொல்லப்போவது கத்தியக்காவின் அனுமதியோடு சொல்வது. அவருக்குக் கிடைத்த டப்பா எது என்பதை அவரிடம் நேற்றுதான் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இதில் அவருக்கே தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு அத்தையின் அனுமதி கிடையாது. அதை இந்த மேடையில் நானே எடுத்துக்கொள்கிறேன். திட்டுவதாக இருந்தால் வீட்டில் திட்டட்டும்.

இரண்டாம் ஆய்வு தொடங்கிச் சில நாள்கள்தான் ஆகியிருந்தன. அத்தை மீன் வாங்கச் சந்தைக்கு வந்தார். தங்கை கடையில் இல்லை, ஐஸ் வாங்கப் போயிருந்தார். தராசுக்குப் பக்கத்தில் களிம்பு டப்பா. அத்தை அதை எடுத்தார், மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார். எதிர்க் கடையில் எலுமிச்சம்பழம் விற்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்த பிறகு அவர் சொல்லித்தான் எனக்கு இது முழுதாகத் தெரியும்.

வெறும் களிம்பு. சொந்தத் தங்கையின் கையில் வெறும் களிம்பு.

அத்தையின் பையில் எப்போதும் ஒரு டப்பா நல்ல களிம்பு இருக்கும். குடை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார். பைக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை. எலுமிச்சைக்காரர் சொன்னார்: "ஏதோ தேடுறாங்கன்னு நெனச்சேன் டாக்டர். தேடல. கையை உள்ள வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. கண்ணெல்லாம் தண்ணி. நான் கூப்பிடலாமான்னு பார்த்தேன்."

மாற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு விடும் நேரம். யார் கேட்பது? யாருமில்லை. யாரென்றே தெரியாதவர்களுக்காக ஒரு கரண்டி கூடுதலாகப் போட்ட கை அது. தன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கைக்காக அந்தக் கை என்ன செய்திருக்க வேண்டும்?

அந்தக் கை வெறுமையாக வெளியே வந்தது. மூடியை மூடினார். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார். மீன் வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தை சந்தைப் பக்கமே வரவில்லை. வந்தால் மனசு கேட்காது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சாம்பாரில்லா நாளும் உண்டு, சண்டையில்லா நாளும் உண்டு, அத்தை பேசாத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்போதோ வாரக்கணக்கில் பேச்சு இல்லை. நாங்கள் பல்வலி என்று நினைத்தோம்.

சந்தையில் கத்தியக்கா வேறொன்று நினைத்துக்கொண்டார். எல்லோரிடமும் சொன்னார்: "வேத்து ஆளுங்க ஒதுங்கிப் போனாங்க, சரின்னு விட்டேன். இப்ப எங்கக்காவுக்கே என் கையைப் பார்த்தா அருவருப்பா இருக்கு." இந்தப் பேச்சு அத்தையின் காதுக்கும் வந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், தங்கையின் மனம் ஆறியிருக்கும், ஆய்வு மறுபடியும் அழிந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை அவர் விழுங்கினார். ஒவ்வொரு நாளும் விழுங்கினார்.

கத்தியக்கா, உங்கள் அக்கா உங்களை அருவருத்து ஒதுங்கவில்லை. உங்களைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போய்விடும் என்று பயந்து ஒதுங்கினார்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கத்தியக்காவின் மரு உதிர்ந்தது. ஆமாம், வெறும் களிம்பைப் பூசிய கையில்தான். ஒரு சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கோபத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருக்கா. நீ வந்து பார்க்கலேன்னாலும் உன் களிம்பு வேலை செஞ்சிருச்சு," என்றார்.

அத்தை அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனால் அது முகம் முழுவதும் பரவவில்லை. தங்கை போன பிறகு சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அவ டப்பால மருந்து இல்ல. நான் மோந்து பார்த்தேன்."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அப்ப தானா ஆறியிருக்கு."

"அப்படித்தான் இருக்கணும் அத்தை."

"அப்ப இத்தனை வருஷமா நான் ஆத்துனேன்னு நெனச்சதுல எத்தனை தானா ஆறுச்சு?"

அன்பர்களே, இந்தத் துறையில் நான் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது. இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. இதைவிட வலியோடும் யாரும் கேட்டதில்லை. நான் உண்மையைச் சொன்னேன். "தெரியல அத்தை. கணக்குப் போட்டாத்தான் தெரியும்."

அவர் பின்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தார். அதற்குப் பிறகு அது எரியவில்லை. களிம்பு கேட்டு வந்தவர்களிடம், "இல்ல. முடிவு வரட்டும்," என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வீட்டில் அந்த வாசனையே இல்லாமல் போய்விட்டது. என் அங்கியில் வெறும் சோப்பு வாசனைதான். அந்த வாசனை இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

தலைவர் அவர்கள் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கவும்' என்று. நன்றி ஐயா. சுருக்கிவிட்டேன். முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஆய்வின் முடிவைப் பங்கேற்றவர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சொல்வதாக உங்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே அத்தைக்கும் இதுவரை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிச் சொல்லாமல் இருந்தேன்? அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அத்தை, கதவைப் பார்க்காதீர்கள். என்னைப் பாருங்கள்.

வெறும் களிம்பு பூசியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மரு போனது. கத்தியக்கா அந்தக் கால்வாசியில் ஒருவர். இலை இல்லை, மருந்து இல்லை, உடம்பே பார்த்துக்கொண்டது.

இலைக் களிம்பு பூசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மரு போனது.

பொறுங்கள், பொறுங்கள். தட்டாதீர்கள். பாதி என்று கேட்டதும் தட்டுகிறீர்கள். தட்டின் கனத்தை யார் கழிப்பது? பாதியிலிருந்து கால்வாசியைக் கழியுங்கள். தானாக ஆறியிருக்கக் கூடியதைக் கழியுங்கள். ஆசையைக் கழியுங்கள், ஆரவாரத்தைக் கழியுங்கள், அட்டைப்பெட்டியைக் கழியுங்கள். எனக்குப் போச்சு, உனக்குப் போச்சு என்ற ஊர்ப்பேச்சைக் கழியுங்கள். மருமகள் என்ற உறவைக் கழியுங்கள், மாமியார் என்ற மரியாதையையும் கழியுங்கள். எல்லாம் கழித்த பிறகும் தட்டில் ஏதாவது நிற்கிறதா?

நிற்கிறது.

புள்ளியியல் பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டார். "தற்செயல்னு தள்ள முடியல டாக்டர்," என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டில் அதுதான் உச்சம். "இன்னொரு ஊர்ல, இன்னும் நிறையப் பேர்கிட்ட யாராவது மறுபடியும் செஞ்சு பார்க்கணும்," என்றும் சொன்னார். அதுவும் சரிதான். எங்கள் ஒரு சந்தை உலகம் ஆகிவிடாது.

அத்தை, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது. நீங்கள் ஆற்றியதாக நினைத்ததில் ஒரு பாதி தானாக ஆறியது. மறுபாதி நீங்கள் ஆற்றியது. இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் உங்களுக்குப் பெயர் கிடைத்தது, அதில் உங்களுடையது எது என்று யாருக்கும் தெரியாது. இன்று கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆனால் அது முழுக்க முழுக்க உங்களுடையது. யாரும் அதைத் தற்செயல் என்று தட்டிப் பறிக்க முடியாது. அதை அளக்க முடிந்ததே, உங்கள் கை அன்றைக்குப் பைக்குள்ளிருந்து வெறுமையாக வெளியே வந்ததால்தான்.

இப்போது தட்டுங்கள்.

போதும். பெட்டிகளைப் பற்றித் தலைவர் அவர்கள் கவலைப்பட வேண்டாம். உள்பக்கம் வெளியே வரும்படி மடித்தால் நல்ல வெள்ளை அட்டை. அதன்மேல் இப்படி அச்சடிக்கலாம்: 'பாதிப் பேருக்கு மரு போனது. கால்வாசிப் பேருக்கு எதுவும் பூசாமலே போகும். பொறுமையாகப் பூசவும். முகத்தில் பூச வேண்டாம். நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ அது மருவாக இல்லாமலும் இருக்கலாம், டாக்டரிடம் வரவும்.' விற்காது என்கிறாரா? உண்மையை எழுதி எத்தனை பேர் விற்றுப் பார்த்திருக்கிறார்கள் ஐயா? முயன்று பார்ப்போம். வெறும் களிம்பு வாங்கியவர்களில் மரு இன்னும் இருப்பவர்கள், போவதற்கு முன் வாசலில் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களுக்கு நல்ல களிம்பு வரும். அது அத்தையின் நிபந்தனை. ஆனால் வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கிறது. அதை மறுபடி பற்ற வைக்க வேண்டியவர் அத்தைதான்.

யார் அது எழுந்திருப்பது? கத்தியக்காவா? மைக் வேண்டுமா? வேண்டாமாம். அவருக்கு எப்போது மைக் தேவைப்பட்டது? வழி விடுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பின்வரிசைக்குப் போகிறார். அத்தைக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்கும். முன்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "உன் களிம்புல மருந்து இல்லேன்னு இவ சொல்றா. உன் கை பட்டிருக்குல்ல, அப்புறம் எப்படி இல்லாம போகும்? எந்திரிக்கா. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பத்த வைப்போம்," என்கிறார்.

அக்காவின் கையைப் பிடித்திருக்கிறார், அந்த வலது கையால். அத்தை எழுந்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது இதற்குத்தான் உதவியிருக்கிறது. இருவரும் வெளியே போகிறார்கள்.

கத்தியக்கா சொன்னது அறிவியல்படி தவறு. அதைத் திருத்துவது என் கடமை. நாளைக்குத் திருத்துகிறேன்.

என் பேச்சைக் கேட்கவும், கேட்காதது போல உட்கார்ந்திருக்கவும் பொறுமை காட்டிய உங்கள் அனைவருக்கும், கை நீட்டிக் காட்டிய ஒவ்வொருவருக்கும், எது உங்கள் டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமலே நாள் தவறாமல் பூசிய நேர்மைக்கும் என் நன்றி. போகும்போது கையைக் கழுவிவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தோடு விடாதீர்கள். வணக்கம்.